வாசலில் கைவிரிக்காதீர்கள்: இசை நிகழ்ச்சி அமைப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய இசை நிகழ்ச்சி அமைப்பாளர்களுக்கும், அவர்களுக்காக டிக்கெட் விற்கும் நிறுவனங்களுக்கும்,

வணக்கம்.

ஒருவர் வாங்கிய டிக்கெட்டை இன்னொருவருக்கு விற்கும் மறுவிற்பனைத் தளங்களில் ரசிகர்கள் ஏமாறுவதைப் பற்றிய மடல் இது. இதை அந்தத் தளங்களுக்கு அல்லவா எழுத வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். அவர்களுக்கு எழுதிப் பயனில்லை. எழுதிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: பதில் உடனே வரும், கேட்ட கேள்விக்கு மட்டும் அதில் விடை இருக்காது. அவர்களுக்கு அது பிழைப்பு, நான் சொல்லி நிறுத்தப்போவதில்லை. ஆனால் நிகழ்ச்சி உங்களுடையது. டிக்கெட்டும் நீங்கள் அச்சிட்டது, வாசலில் நிற்பவரும் உங்கள் ஆள். ஏமாந்து வந்து நிற்பவரிடம் "வேறு தளத்தில் வாங்கியதற்கு நாங்கள் பொறுப்பல்ல" என்று சொல்வதும் அவர்தான். அந்தப் பதிலைப் பற்றித்தான் உங்களிடம் பேச வேண்டியிருக்கிறது.

பேராசைப்பட்டோ சோம்பேறித்தனத்தாலோ நாங்கள் அந்தத் தளங்களுக்குப் போய் விழுகிறோம் என்ற எண்ணம் உங்களிடம் இருக்கிறது. உங்கள் அறிவிப்புகளின் தொனியே அதைச் சொல்கிறது. நடப்பது வேறு. கலைஞரின் பெயரையும் 'டிக்கெட்' என்ற சொல்லையும் தேடுபொறியில் தட்டுகிறோம். முதலில் வந்து நிற்பது விளம்பரம். அதில் கலைஞர் பெயர், அரங்கின் பெயர், தேதி எல்லாம் சரியாக இருக்கும். சில சமயம் 'அதிகாரபூர்வ' என்ற சொல்லும் இருக்கும். விளம்பரம் என்பது மட்டும் பொடி எழுத்தில். உங்கள் தளம் அதற்குக் கீழே எங்கோ கிடக்கும். 2019 ஜூலையில் கூகுள் நிறுவனம் வியாகோகோ என்ற மறுவிற்பனைத் தளத்தின் விளம்பரங்களை உலகம் முழுக்க நிறுத்தியது. அந்த ஆண்டு முடிவதற்குள் மறுபடியும் அனுமதித்துவிட்டது. காசு கொடுத்து முதலிடத்தைப் பிடிப்பவருக்கும் உங்களுக்கும் உள்ள வித்தியாசத்தை முதல் தடவை டிக்கெட் வாங்கும் ஒருவர் எப்படிக் கண்டுபிடிப்பார்?

உள்ளே போனதும் கடிகாரம் ஓட ஆரம்பிக்கும். இந்தப் பக்கத்தை இப்போது இத்தனை பேர் பார்க்கிறார்கள், இந்தப் பகுதியில் கடைசிச் சில டிக்கெட்டுகளே மிச்சம், இப்போதுதான் ஒருவர் வாங்கினார் என்று பட்டைகள் மேலெழுந்து மறையும். நான் வாங்கிய தளத்தில் (பெயர் வேண்டாம், எல்லாமே ஒரே அச்சுதான்) இருக்கையைத் தேர்ந்தெடுத்தபோது ஒரு விலை. பெயர், முகவரி எழுதும்போதும் அதே விலை. கார்டு எண்ணையும் நிரப்பிய பிறகு, கடைசித் திரையில்தான் சேவைக் கட்டணம், கையாளும் கட்டணம் என்று வரிசையாக இறங்கின. மின்னஞ்சலில் வரப்போகும் ஒரு கோப்புக்கு 'அனுப்பும் கட்டணம்' வேறு. மேலே கடிகாரம் சிவப்பில் வினாடிகளைக் காட்டிக்கொண்டிருக்கும்போது யார் உட்கார்ந்து கூட்டிக் கழித்துப் பார்ப்பார்கள்? அதற்காகத்தானே அந்தக் கடிகாரம்.

இது என் கற்பனை என்று ஒதுக்கிவிட முடியாது. ஆஸ்திரேலியாவின் நுகர்வோர் ஆணையம் தொடுத்த வழக்கில், வியாகோகோ வாடிக்கையாளர்களைத் தவறாக வழிநடத்தியது என்று அந்த நாட்டின் ஃபெடரல் நீதிமன்றம் 2019இல் தீர்ப்புச் சொன்னது. '1 சதவீதத்துக்கும் குறைவான டிக்கெட்டுகளே உள்ளன' என்று காட்டினார்களே, அது அந்தத் தளத்தில் இருந்தவற்றின் கணக்கு, நிகழ்ச்சிக்கு மிச்சமிருந்தவற்றின் கணக்கு அல்ல. 27.6 சதவீத முன்பதிவுக் கட்டணம் முதலில் காட்டிய விலையில் இல்லை. அதிகாரபூர்வ விற்பனையாளர் போன்ற தோற்றமும் பொய். 2020இல் 70 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தார்கள்.

கட்டணம் என்று வந்துவிட்டதால் உங்களிடமும் ஒன்று சொல்ல வேண்டும். அமெரிக்க அரசின் கணக்குத் தணிக்கை அலுவலகம் 2018இல் வெளியிட்ட ஆய்வில் மறுவிற்பனைத் தளங்களின் கட்டணம் சராசரியாக டிக்கெட் விலையில் 31 சதவீதம். உங்களைப் போன்ற முதல் விற்பனையாளர்களின் கட்டணம் 27 சதவீதம். பெரிய வித்தியாசம் ஒன்றுமில்லை. கடைசித் திரையில் கட்டணத்தைக் கொட்டும் பழக்கத்தை எங்களுக்கு முதலில் பழக்கியவர்கள் நீங்கள்தான்.

சரி, பணம் கட்டியாகிவிட்டது. என்ன வாங்கினோம்? பல சமயம் எதுவுமே இல்லை. உங்கள் விற்பனை தொடங்குவதற்கு முன்பே அந்தத் தளங்களில் உங்கள் நிகழ்ச்சிக்கு டிக்கெட் இருக்கும். பகுதி, வரிசை எல்லாம் போட்டிருக்கும். விற்பவர் கையில் டிக்கெட் கிடையாது. இனிமேல்தான் எங்காவது தேடிப் பிடிக்க வேண்டும். எங்களிடம் வாங்கிய பணத்தைவிடக் குறைவாகக் கிடைத்தால் அவருக்கு லாபம். விலை ஏறிவிட்டால் அவர் நழுவிவிடுவார், நாங்கள் அம்போ. தியேட்டர் வாசலில் பிளாக்கில் விற்றவரிடம்கூட டிக்கெட் கையில் இருந்தது. பணத்தைக் கொடுத்தால் டிக்கெட்டைத் தருவார், உள்ளே போகலாம். அந்த நேர்மைகூட இங்கே இல்லை.

பிறகு காத்திருப்பு. 'உங்கள் டிக்கெட் நிகழ்ச்சிக்கு முன் வந்துவிடும்' என்று ஒரு மின்னஞ்சல். சில நாள் கழித்து அதே மின்னஞ்சல், அதே வாசகம். எனக்கு டிக்கெட் வந்தது நிகழ்ச்சி நாள் பிற்பகலில். ஒரு ஸ்கிரீன்ஷாட், முன்பின் தெரியாத ஒருவரின் பெயர், கீழே கியூஆர் கோடு. படத்தின் மேல் ஓரத்தில் அவருடைய போனின் பேட்டரி அளவுகூடத் தெரிந்தது.

வாசலில் ஸ்கேனர் சிவப்பு விளக்கைக் காட்டியது. அதைப் பிடித்திருந்த பெண் நல்ல மனசுக்காரர். என் போன் திரையைத் தன் சட்டைக் கையாலேயே துடைத்துவிட்டு மறுபடி வைத்துப் பார்த்தார். மறுபடியும் சிவப்பு. 'ஏற்கெனவே பயன்படுத்தப்பட்டது.' ஒரே படத்தைப் பல பேருக்கு விற்றிருக்கிறார்கள், முதலில் வந்தவர் உள்ளே போய்விட்டார். அந்தப் பெண் ஓரமாக இருந்த மேசையைக் கைகாட்டினார். அங்கே எனக்கு முன்னால் சிலர் நின்றிருந்தார்கள். மேசையில் இருந்தவர் யாரிடமும் எதுவும் பேசவில்லை, ஒரு தாளைத் திருப்பிக் காட்டினார். 'பிற தளங்களில் வாங்கிய டிக்கெட்டுகளுக்கு நாங்கள் பொறுப்பல்ல.'

அந்தத் தாள் லாமினேட் செய்யப்பட்டிருந்தது. அதாவது அன்றைக்கு எதிர்பாராமல் நடந்ததற்கு அவசரமாக எழுதியதல்ல. நிகழ்ச்சிக்கு நிகழ்ச்சி எடுத்து வருகிறீர்கள். ஆட்கள் ஏமாந்து வருவார்கள் என்று தெரியும், வந்தால் எந்த மேசைக்கு அனுப்ப வேண்டும் என்பதும் தெரியும். மழை பெய்தால் தாள் நனையக் கூடாது என்பதுவரை யோசித்திருக்கிறீர்கள். அவர்கள் வராமல் தடுக்க என்ன செய்யலாம் என்பதை மட்டும் யோசிக்கவில்லை.

அந்த மேசையில் நான் கேட்டது உள்ளே விடச் சொல்லி அல்ல. டிக்கெட் செல்லாது என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுங்கள் என்றுதான் கேட்டேன். காரணம் இருக்கிறது. மறுவிற்பனைத் தளம் '100 சதவீத உத்தரவாதம்' என்று பெரிதாகப் போட்டிருக்கும். பணத்தைத் திருப்பிக் கேட்டால், அரங்கில் அனுமதி மறுக்கப்பட்டதற்கு ஆதாரம் கொண்டுவா என்பார்கள். ஆதாரம் தரக்கூடியவர் நீங்கள் ஒருவர்தான். நீங்களோ, எங்களிடம் வாங்காத டிக்கெட்டைப் பற்றி எழுத்தில் எதுவும் தருவதில்லை என்கிறீர்கள். வங்கியில் சார்ஜ்பேக் (கார்டில் கட்டிய பணத்தை வங்கி வழியாகத் திரும்பப் பெறுவது) கேட்டால் அங்கேயும் அதே கேள்வி. தளமோ, நாங்கள் வெறும் சந்தை, விற்றவர் வேறொருவர் என்று சொல்லும். அந்த விற்றவர் யார் என்று கேட்டால் தனியுரிமை என்று சொல்லும். ஒரு துண்டுச் சீட்டுக்காக ஒரு ரசிகர் மாதக்கணக்கில் மின்னஞ்சல் எழுதிக்கொண்டிருக்கிறார். கடைசியில் பணம் வந்தாலும் டிக்கெட் பணம்தான் வரும். பயணம், தங்கும் செலவு, எடுத்த விடுமுறை எல்லாம் அவரவர் தலையில்.

நிகழ்ச்சி ரத்தானால் கதை இன்னும் மோசம். நீங்கள் பணத்தைத் திருப்புவது முதலில் வாங்கியவரின் கணக்குக்கு. அது மறுவிற்பனையாளர். அவர் எங்களிடமும் வாங்கியிருக்கிறார், உங்களிடமும் வாங்கிக்கொள்வார். 2020இல் கொரோனா வந்து நிகழ்ச்சிகள் கொத்துக்கொத்தாக ரத்தானபோது ஸ்டப்ஹப் என்ற மறுவிற்பனைத் தளம் தன் விதியையே மாற்றி, பணத்துக்குப் பதிலாக, பின்னால் டிக்கெட் வாங்கப் பயன்படுத்த 120 சதவீத வரவு தருகிறோம் என்றது. நிகழ்ச்சிகளே நடக்காத காலத்தில் அந்த வரவை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அமெரிக்க மாநிலங்களின் தலைமை வழக்கறிஞர்கள் தலையிட்ட பிறகு, 2021இல்தான் பணம் திரும்பியது.

இதெல்லாம் மறுவிற்பனையாளர்களின் பாவம், எங்கள் தலையில் ஏன் கட்டுகிறாய் என்பீர்கள். டிக்கெட் அவர்கள் கைக்கு எப்படிப் போகிறது என்பதைப் பார்ப்போம்.

டிக்கெட்டுகளைத் தானாக வாங்கிக் குவிக்கும் பாட் மென்பொருள்கள் ஒரு காரணம், மறுக்கவில்லை. 2014 டிசம்பரில் யூ2 இசைக்குழுவின் ஒரே நிகழ்ச்சிக்கு ஒரு தரகர் ஒரு நிமிடத்தில் 1,012 டிக்கெட்டுகளை அள்ளினார் என்று நியூயார்க் மாநிலத் தலைமை வழக்கறிஞரின் 2016 அறிக்கை சொல்கிறது. அறிக்கை வந்த ஆண்டே அமெரிக்காவில் பாட்களுக்கு எதிராகச் சட்டம் வந்தது. அதன்கீழ் முதல் நடவடிக்கை எடுக்க 2021 ஆகிவிட்டது. சட்டம் போகும் வேகம் அது. ஆனால் அதே நியூயார்க் அறிக்கையில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. அதிகம் பேர் விரும்பிய நிகழ்ச்சிகளில் சராசரியாக 46 சதவீத டிக்கெட்டுகளே பொது விற்பனைக்கு வந்தன. மொத்தத்தில் 38 சதவீதம் குறிப்பிட்ட சிலருக்கான முன்விற்பனைகளுக்கும், 16 சதவீதம் கலைஞர், அரங்கம், அமைப்பாளர் போன்ற உள்வட்டத்துக்கும் ஒதுக்கப்பட்டன. பாதிக்கும் குறைவானதை வெளியே வைத்துவிட்டு, 'சில நிமிடங்களில் விற்றுத் தீர்ந்தது' என்று நீங்கள் பெருமையாகப் போடும் பதிவு இருக்கிறதே, மறுவிற்பனைக்கு அதைவிடப் பெரிய விளம்பரம் கிடையாது. அந்தப் பதட்டத்தில்தான் நாங்கள் தேடுபொறிக்கு ஓடுகிறோம்.

இதைவிடப் பெரிய கசப்பும் உண்டு. மெட்டாலிக்கா குழுவின் 2017 சுற்றுப்பயண டிக்கெட்டுகளில் ஒரு பகுதி பொது விற்பனைக்கே வராமல் நேராக மறுவிற்பனைத் தளங்களுக்குப் போனது 2019இல் வெளியே வந்தது. சில கலைஞர்களுக்காக இப்படிச் செய்ததை நிகழ்ச்சி அமைப்பு நிறுவனமான லைவ் நேஷன் ஒப்புக்கொண்டது. வேலியே பயிரை மேய்ந்தால் நாங்கள் யாரிடம் போய் முறையிடுவது? உங்களில் எல்லோரும் இப்படி என்று சொல்லவில்லை. ஆனால் யார் இப்படி, யார் இல்லை என்று எங்களுக்குத் தெரிய வழியில்லை, ஏனென்றால் எத்தனை டிக்கெட் எந்த வழியில் போனது என்று நீங்கள் சொல்வதே இல்லை.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது இதுதான். டிக்கெட் வாங்கிய எல்லோராலும் வர முடிவதில்லை. காய்ச்சல் வரும், வேலை வரும், வீட்டில் ஒரு சாவு விழும். அப்படிப்பட்டவர் உங்களிடம் வந்தால் 'ஒருமுறை விற்ற டிக்கெட் திரும்பப் பெறப்படாது' என்கிறீர்கள். அவர் என்ன செய்வார்? போட்ட பணத்தையாவது எடுக்க மறுவிற்பனைத் தளத்துக்குப் போவார். டிக்கெட் கிடைக்காத இன்னொருவரும் வேறு வழியில்லாமல் அங்கேதான் வருவார். இரண்டு பேரும் நல்லவர்கள், இரண்டு பேரும் உங்கள் ரசிகர்கள். அவர்களை நேரில் சந்திக்க விடாமல் நடுவில் தரகரை உட்கார வைப்பது உங்கள் விதி. தரகரின் கூட்டத்தில் இந்த நல்ல டிக்கெட்டுகளும் கலந்திருப்பதால்தான் அந்தத் தளங்களுக்கு ஒரு நம்பகத்தன்மையே கிடைக்கிறது. 'என் நண்பர் அங்கே வாங்கினார், ஒன்றும் ஆகவில்லையே' என்று ஒவ்வொருவரும் சொல்வது அதனால்தான்.

ஆகவே திரும்பப் பெறும் வழி ஒன்றை நீங்களே திறங்கள். வர முடியாதவர் டிக்கெட்டை உங்களிடமே ஒப்படைக்கட்டும். காத்திருப்புப் பட்டியலில் அடுத்து இருப்பவருக்கு அச்சிட்ட விலைக்கே அது போகட்டும். பழைய கோடு செல்லாமல் போய்ப் புதிய கோடு உருவாகும். தொழில்நுட்பம் இல்லை என்று சொல்லாதீர்கள். போனில் சில வினாடிக்கொருமுறை மாறும் கோடு வரை கொண்டுவந்துவிட்டீர்கள், இது என்ன பெரிய வேலை?

செய்தவர்கள் இருக்கிறார்கள். தி கியூர் குழு 2023 அமெரிக்கச் சுற்றுப்பயணத்தில் டிக்கெட்டைப் பிறருக்கு மாற்ற முடியாமல் செய்து, அச்சிட்ட விலைக்கே பரிமாறிக்கொள்ளும் வசதியையும் சேர்த்தே வைத்தது. சில மாநிலச் சட்டங்கள் இடம் கொடுக்காததால் அங்கே மட்டும் முடியவில்லை. 20 டாலர் டிக்கெட்டுக்கு 20 டாலருக்கு மேல் கட்டணம் விழுந்தபோது பாடகர் ராபர்ட் ஸ்மித் பகிரங்கமாகவே சண்டை போட்டார். டிக்கெட் விற்ற டிக்கெட் மாஸ்டர் நிறுவனம் மலிவு டிக்கெட் வாங்கியவர்களுக்கு 10 டாலரும் மற்றவர்களுக்கு 5 டாலரும் திருப்பித் தந்தது. தொகை சின்னதுதான். ஆனால் கலைஞர் வாயைத் திறந்தால் நடக்கிறது என்று தெரிந்தது. அதே டிக்கெட் மாஸ்டர் பிரிட்டனில் தான் நடத்திவந்த இரண்டு மறுவிற்பனைத் தளங்களையும் மூடப்போவதாக 2018இல் அறிவித்து, கூடுதல் விலை வைக்க முடியாத பரிமாற்றத்துக்கு மாறியது. தானாக மனம் வந்து அல்ல, பல வருட எதிர்ப்புக்குப் பிறகு. இருந்தாலும் மாறியது.

ஜப்பானில் 2019 ஜூன் முதல், விதிக்குட்பட்ட டிக்கெட்டுகளை அனுமதியின்றிக் கூடுதல் விலைக்குத் தொழிலாக விற்றால் ஓராண்டு வரை சிறை அல்லது 10 லட்சம் யென் வரை அபராதம். அந்தச் சட்டத்தில் எனக்குப் பிடித்த பகுதி தண்டனை அல்ல. முறையான மறுவிற்பனைக்கு வழி செய்ய முயல வேண்டும் என்று அமைப்பாளர்களையும் அது கேட்கிறது. அயர்லாந்து 2021இல், 1,000 பேரோ அதற்கு மேலோ கொள்ளும் இடங்களில் நடக்கும் குறிப்பிட்ட நிகழ்ச்சிகளுக்கு அச்சிட்ட விலைக்கு மேல் விற்பதையே தடை செய்தது. பிரிட்டன் அரசும் அதே வழியில் போகப்போவதாக 2025 நவம்பரில் அறிவித்தது. எல்லா நாட்டிலும் சட்டம் வரும்வரை நாங்கள் காத்திருக்க முடியாது. உங்களுக்குச் சட்டம் தேவையுமில்லை, உங்கள் டிக்கெட்டின் விதியை எழுதுவது நீங்கள்தானே.

ஒரு எச்சரிக்கை. மாற்ற முடியாத டிக்கெட் என்று பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு, திரும்பப் பெறும் வழியை விட்டுவிடாதீர்கள். அது இப்போதிருப்பதைவிடக் கொடுமை. அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று வர முடியாதவர் தன் தங்கைக்குக்கூட டிக்கெட்டைக் கொடுக்க முடியாமல் போகும். அதேபோல, பரிமாற்றம் உங்கள் செயலியில்தான் நடக்க வேண்டும் என்று கட்டிப்போட்டு, வாங்கும்போது ஒரு கட்டணம், திருப்பித் தரும்போது ஒரு கட்டணம் என்று இரண்டு பக்கமும் கறந்தால், தரகருக்கும் உங்களுக்கும் என்ன வித்தியாசம்?

வாசலில் நிற்பவர்களுக்கும் ஏதாவது செய்யுங்கள். பாடகர் எட் ஷீரனின் 2018 பிரிட்டன் நிகழ்ச்சிகளில் அமைப்பாளர்கள் இதற்கென்றே தனியிடம் ஒதுக்கினார்கள். வியாகோகோவில் வாங்கி வந்தவர்களின் டிக்கெட் செல்லாது என்று குறித்து, அச்சிட்ட விலைக்குப் புதிய டிக்கெட் கொடுத்து, பழைய பணத்தைத் திரும்பக் கேட்க ஆதாரமும் கொடுத்து அனுப்பினார்கள். எல்லா நிகழ்ச்சியிலும் இடம் மிச்சம் இருக்காது என்பது எனக்கும் தெரியும். இடம் இல்லாவிட்டால் அந்த ஆதாரத்தையாவது கொடுங்கள். தேதி, நேரம், 'இந்தக் கோடு ஏற்கெனவே பயன்படுத்தப்பட்டது', அரங்கின் முத்திரை. ஸ்கேனரில் இருக்கும் விவரம்தான், அச்சடிக்க ஒரு நிமிடம் ஆகாது.

கலைஞர்களின் மேலாளர்களும் இதைப் படிப்பீர்கள் என்று நம்புகிறேன். ஒப்பந்தம் போடும்போது மேடை அளவிலிருந்து விளக்குவரை பட்டியலிடுகிறீர்கள். திரும்பப் பெறும் வசதி கட்டாயம் என்று அந்தப் பட்டியலில் ஒரு வரி சேர்த்தால், எங்களைவிட உங்கள் குரலுக்குத்தான் அவர்கள் செவிசாய்ப்பார்கள்.

உங்கள் அடுத்த நிகழ்ச்சியின் அறிவிப்பில், அனுமதி பெற்ற விற்பனையாளர்கள் யார் யார், மொத்தத்தில் எத்தனை டிக்கெட் பொது விற்பனைக்கு, கட்டணங்கள் சேர்த்த முழு விலை என்ன, வர முடியாதவர் டிக்கெட்டை எங்கே, எந்தத் தேதிவரை திருப்பித் தரலாம் என்பதெல்லாம் இருக்க வேண்டும். கலைஞரின் படத்துக்குக் கீழே, விற்பனை தொடங்கும் முதல் நாளிலேயே. 'விற்றுத் தீர்ந்தது' என்று பதிவு போடும்போது அதே பதிவில் காத்திருப்புப் பட்டியலின் இணைப்பையும் போடுங்கள்.

இவற்றில் எதைச் செய்வீர்கள், எதைச் செய்ய மாட்டீர்கள், ஏன் என்று பொதுவில் பதில் எழுதுங்கள். முடியாது என்பதற்குக் காரணம் இருந்தால் அதையும் கேட்கத் தயாராக இருக்கிறோம்.

இப்படிக்கு,
அடுத்த நிகழ்ச்சிக்கும் வர ஆசைப்படும் ஒரு ரசிகர்